கதை கோர்வையாக வர: 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

நான்காம் வகுப்பில் "ஒரு கதை எழுதுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் இப்படி ஒன்று கைக்கு வரும்:

"எங்க ஊரில் வாத்து வந்தது. நான் பள்ளிக்குப் போனேன். ஒரு குஞ்சு நொண்டி. பஞ்சாரத்தில் வைத்தேன். அப்பறம் அப்பா திட்டினார். அப்பறம் வாய்க்காலில் தண்ணி. அப்பறம் அது போய்ட்டுது. நீதி: பிற உயிரிடம் அன்பு வேண்டும்."

வாக்கியங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குறை இல்லை. ஆனால் கதை புரியவில்லை. அப்பா ஏன் திட்டினார்? தண்ணீருக்கும் குஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? எது போய்விட்டது?

இதைப் பார்த்ததும் புதிதாக வகுப்பெடுப்பவர்கள் செய்யும் முதல் காரியம், இணைப்புச் சொல் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவது: ஆகவே, எனவே, ஏனெனில், மேலும். அடுத்த கதையில் "அப்பறம்" இருந்த இடத்தில் எல்லாம் "எனவே" வந்து உட்கார்ந்திருக்கும். அப்பா ஏன் திட்டினார் என்பது அப்போதும் தெரியாது.

கோர்வையைக் கொண்டுவருவது காரணம். ஒருவர் ஒன்றை விரும்பினார், அதற்குத் தடை வந்தது, அதனால் ஏதோ செய்தார், அதனால் ஏதோ நடந்தது. இது பிள்ளையின் மனதில் தெளிவாக இருந்தால்தான் இணைப்புச் சொல்லுக்கு வேலையே இருக்கும். அதனால் வரிசை இதுதான்: முதலில் வாய், பிறகு காரணம், பிறகு எழுத்து, அப்புறம் "யார், எது" என்ற தெளிவு, கடைசியில் இணைப்புச் சொல். ஆசிரியர்களுக்கும், மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களுக்கும், பெற்றோருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

மூன்று பாடவேளை ஒதுக்குங்கள், அடுத்தடுத்த நாள்களில். ஒரே பாடவேளையில் முடிக்க நினைத்தால் முதலில் கைவிடப்படுவது பேச்சும் திருத்தமும்தான். கோர்வை உருவாவது அந்த இரண்டில்தான்.

ஒரு பக்கம் பயன்படுத்திய ஏ4 தாள் ஆளுக்கு ஒன்று, பென்சில், இரண்டு மூன்று நிற வண்ணப் பென்சில்கள், கட்டுரை நோட்டு போதும். ரப்பரை முதல் இரண்டு நாள் மேசைக்கு வரவிடாதீர்கள். காரணம் ஐந்தாவது படியில் வருகிறது.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். உயிர் நண்பர்கள் இருவரை ஒன்றாகப் போட வேண்டாம். ஒரே தெருவில், ஒன்றாகவே சுற்றும் இருவருக்குள் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும், கேள்வி பிறக்காது. வேறு தெரு, முடிந்தால் வேறு வகுப்பு. ஒரே அறையில் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தும் ஒன்றியப் பள்ளிகளுக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் நல்ல ஜோடி.

எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு நிலையில், அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் நிலையில், இருக்கும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாவது படி முதல் நான்காவது படி வரை அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்தே செய்யலாம். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களோ ஜோடிப் பிள்ளையோ எழுதினால் போதும். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குக் கதையில் காரணம் கோக்கவும் வராது என்று நினைப்பது தவறு. பல சமயம் வாயால் அழகாகக் கதை சொல்கிறவர்கள் இவர்கள்தான்.

2. தலைப்பு வேண்டாம், ஒரு சிக்கல் கொடுங்கள்

"மழைக்காலம்", "எங்கள் ஊர்" என்று தலைப்பு கொடுத்தால் கட்டுரைதான் வரும். "மழை நமக்கு நன்மை தருகிறது" என்று தொடங்கி, மனப்பாடம் செய்த வாக்கியங்களாக ஓடும். தலைப்புக்குள் தடை எதுவும் இல்லாததால் அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி எழுவதில்லை.

சிக்கலாகக் கொடுத்துப் பாருங்கள். களத்தில் நெல் காய்கிறது, அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், வானம் கறுக்கிறது, வீட்டில் நீயும் தம்பியும் மட்டும். அல்லது: ஆடிப்பெருக்கன்று சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும் வழியில் உன் சப்பரத்தின் சக்கரம் கழன்றுவிட்டது, மற்றவர்கள் எல்லாம் படித்துறைக்குப் போய்விட்டார்கள். அல்லது: கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கும் தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாய், பாதி வழியில் தூக்குவாளி கவிழ்ந்துவிட்டது.

கேட்டவுடனே வகுப்பு பேசத் தொடங்கிவிடும். என்ன செய்யலாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இந்தச் சூழல்களில் எதனால் எது நடக்கும் என்பது காவிரி டெல்டாப் பிள்ளைகளுக்குக் கண்கூடாகத் தெரியும். நனைந்த நெல்லின் ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பது திருவாரூர்ப் பக்கத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலோரப் பள்ளி என்றால் வலை, படகு, ஐஸ் பெட்டி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் சிங்கம், அரண்மனையில் ராஜா என்று போனால் அந்த உலகத்தில் எதனால் எது நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் பார்த்த துண்டுகளை அடுக்கும். அவையும் ஒருநாள் வரட்டும். பழகும் காலத்தில் வேண்டாம்.

2018 கஜா புயலைச் சிக்கலாகக் கொடுப்பவர்களும் உண்டு. இப்போது தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் அப்போது நினைவு தெரியாத வயதில் இருந்தவர்கள், அல்லது பிறக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லிக் கேட்ட நான்கு வாக்கியங்களுக்கு மேல் அவர்களால் போக முடியாது.

3. எழுதுவதற்கு முன் இரண்டு முறை வாயால் சொல்லட்டும்

முதல் நாள் பாடவேளை முழுவதும் இதற்குத்தான். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். கேட்பவருக்கு ஒரே ஒரு வேலை: புரியாத இடத்தில் "ஏன்?" என்றோ "யாரு?" என்றோ கேட்பது. "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்று சொல்ல அனுமதி கிடையாது.

மேலே உள்ள வாத்துக் கதையை எழுதிய பையனோடு நடந்த பேச்சு இது:

"அப்பா ஏன்யா திட்டுனாரு?"

"வாத்துக்காரரு சாயங்காலம் எண்ணிப் பாப்பாரு டீச்சர். ஒண்ணு குறைஞ்சா நம்மளத்தான் கேப்பாருன்னு திட்டுனாரு."

"சரி. தண்ணி எதுக்கு வந்துச்சு?"

"வரல டீச்சர், வாய்க்கால்ல எப்பவும் ஓடுற தண்ணிதான். வாத்தெல்லாம் அக்கரைக்குப் போயிருச்சு. குஞ்சு நொண்டுது, அதால நடக்க முடியாது. தண்ணியில விட்டா நொண்டாதுல்ல? நீந்திப் போயிரும்."

தரையில் நொண்டும் குஞ்சு தண்ணீரில் நொண்டாது. கதையின் உயிரே அதுதான். பையனுக்கு அது முழுசாகத் தெரிந்திருக்கிறது, தாளில் மட்டும் "வாய்க்காலில் தண்ணி" என்று இரண்டு சொல்லாக நின்றுவிட்டது. தனக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்று இந்த வயதில் இயல்பாகவே நினைத்துக்கொள்கிறார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து விழிக்கும்போதுதான் "ஓ, இவளுக்கு அது தெரியாது" என்பது உறைக்கிறது. கேட்பவர் வேறு தெருவாக இருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான்.

கேள்விகள் முடிந்ததும் அதே பிள்ளை அதே கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். பலர் தாண்டிப் போவது இந்த இரண்டாவது சொல்லலைத்தான். கேள்விக்குப் பதிலாக வந்த விவரங்கள் அப்போது உதிரியாகக் கிடக்கும். மறுபடி சொல்லும்போதுதான் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் போய்ச் சேரும். வாத்துக்காரர் எண்ணிப் பார்ப்பார் என்பது, அப்பா திட்டும் இடத்துக்குத் தானாக வந்துவிடும்.

இந்த நேரத்தில் பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். "வந்துச்சு இல்லப்பா, வந்தது" என்று குறுக்கே போனால் பிள்ளையின் கவனம் கதையிலிருந்து சொல்லுக்குத் தாவிவிடும், அடுத்து சொல்ல வந்தது மறந்துபோகும். எழுத்துத் தமிழுக்கு மாற்ற மூன்றாவது நாள் இருக்கிறது.

4. நான்கு கட்டம், மூன்று சொல்

இரண்டாவது நாள் தொடக்கத்தில் தாளை நான்காக மடித்து விரிக்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் யார், எங்கே, என்ன ஆசை. இரண்டாவதில் என்ன தடை. மூன்றாவதில் அதற்கு என்ன செய்தார்கள். நான்காவதில் என்ன ஆயிற்று. குச்சி உருவப் படம் போதும், கட்டத்துக்கு மூன்று நான்கு சொல் எழுதலாம். கட்டத்துக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லிவிடுங்கள். நேரம் சொல்லாவிட்டால் முதல் கட்டத்தில் சூரியன், தென்னைமரம், ஓட்டுவீடு என்று வரைந்துகொண்டே இருப்பார்கள்.

1979இல் ஸ்டைன், கிளென் என்ற இரு ஆய்வாளர்கள் கதையின் உறுப்புகளை ஆறாகப் பிரித்தார்கள்: சூழல், தொடக்க நிகழ்ச்சி, அதனால் மனதில் எழுந்தது, முயற்சி, விளைவு, அந்த விளைவைப் பற்றிய உணர்வு. தொடக்கப் பள்ளிக்கு நான்கு கட்டம் போதும். ஆனால் "மனதில் எழுந்தது" என்பதை மட்டும் தனியாகக் காப்பாற்ற வேண்டும், பிள்ளைகள் அதிகம் விட்டுவிடுவது அதைத்தான். அதற்கு எளிய வழி, முதல் இரண்டு கட்டங்களிலும் தலைக்கு மேல் ஒரு சிறிய மேகம் வரையச் சொல்வது. மேகத்துக்குள் அந்த ஆள் நினைத்தது. வாத்துக் கதையில் முதல் மேகத்தில் "எனக்கே எனக்கு ஒரு வாத்து", இரண்டாவதில் "ஐயோ, எண்ணுவாரே". இந்த இரண்டும் இல்லாவிட்டால் பையன் ஏன் குஞ்சை எடுத்தான், ஏன் திருப்பிக் கொடுத்தான் என்பது படிப்பவருக்குத் தெரியாது.

இப்போது கட்டங்களுக்கு நடுவில் உள்ள மடிப்புக் கோட்டைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் பிள்ளை ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லி, பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 1க்கும் 2க்கும் நடுவில் "ஆனால்". 2க்கும் 3க்கும் நடுவில் "அதனால்". 3க்கும் 4க்கும் நடுவில் "அதனால்" அல்லது "ஆனாலும்".

"அப்பறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த இடத்தில் காரணம் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: மேல் மடை அடைத்துக் கிடந்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர் வராது, இந்தக் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு என்ன பாய்ந்தது என்று கேளுங்கள். எதுவும் பாயவில்லை என்றால் இரண்டில் ஒன்று செய்ய வேண்டும். விட்டுப்போன காரணத்தைத் தேடிச் சேர்க்கலாம், அல்லது அந்த நிகழ்ச்சியை எடுத்துவிடலாம்.

எடுத்துவிடுவது பிள்ளைகளுக்குக் கஷ்டம். "ஆனா டீச்சர், நான் அன்னைக்கு நிஜமாவே பள்ளிக்கூடம் போனேனே!" என்பார்கள். நடந்தது உண்மைதான், ஆனால் கதைக்கு அது வேண்டுமா? "நான் பள்ளிக்குப் போனேன்" என்ற வரியை விரலால் மறைத்துக்கொண்டு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது வேண்டாம். விரலால் மறைத்துத் தானே கண்டுபிடித்ததைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். நீங்கள் சிவப்பு மையால் அடித்தால் முகம் சுருங்கும்.

"அப்பறம்" போடவே கூடாது என்று தடை போடுகிறவர்களும் உண்டு. தேவையில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததைச் சொல்ல அது நல்ல சொல். எல்லா இடத்துக்கும் அதுவே வருவதுதான் நோயின் அறிகுறி. சொல்லைத் தடுத்தால் அதே இடத்தில் "பின்னர்" வரும், நோய் அப்படியே இருக்கும்.

5. முதல் பிரதியை ஒரே மூச்சில் எழுதுதல்

அதே இரண்டாவது நாள். கட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதட்டும். நடுவில் விட்ட வரி திருத்தத்துக்கு.

ரப்பரை எடுத்துவைக்கச் சொன்னது இப்போதுதான் பயன்படும். கையில் ரப்பர் இருந்தால் ஒவ்வொரு சொல்லையும் அழித்து அழித்து எழுதுவார்கள், இரண்டாவது வாக்கியம் எழுதும்போது முதல் வாக்கியம் நினைவில் இருக்காது. தவறினால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகட்டும். ர, ற குழப்பத்தையும் ஒற்றுப் பிழையையும் இன்று பார்க்காதீர்கள். "டீச்சர், இதுக்கு எந்த ல?" என்று கேட்டால் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

6. யார், எது என்று தெளிவாக்குதல்

காரணம் சரியாக இருந்தும் கதை குழம்பினால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம். நான் என்றால் நீலம், அப்பா சிவப்பு, குஞ்சு பச்சை. பெயர், அவன், அவர், அது எல்லாவற்றுக்கும் அந்தந்த நிறத்தில் அடிக்கோடு போட வேண்டும். யாருடைய நிறம் என்று முடிவு செய்ய முடியாமல் பிள்ளை திகைத்து நிற்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம். "அப்பறம் அது போய்ட்டுது" என்ற வரியில் அந்தப் பையனே பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான்: குஞ்சா, தண்ணியா?

தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் முடியும். "பஞ்சாரத்தில் வைத்தேன்" என்றால் "நான்" தெரிந்துவிடும். ஆனால் "பார்த்தான், ஓடினான், பிடித்தான்" என்று இரண்டு பையன்கள் உள்ள கதையில் வந்தால் எவன் பார்த்தான், எவன் ஓடினான்? ஒரே பாலில் இரண்டாவது ஆள் நுழைந்தவுடன் பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அழகில்லை என்று இந்த வயதில் கவலைப்பட வேண்டாம்.

முதல் முறை "ஒரு குஞ்சு", அடுத்த முறை "அந்தக் குஞ்சு". பல பிள்ளைகள் இரண்டாவது முறையும் "ஒரு குஞ்சு" என்றே எழுதுவார்கள். படிப்பவர் இன்னொரு குஞ்சு வந்ததாக எண்ணிக்கொள்வார்.

மரியாதை விகுதி தடுமாறுவதும் இதே குழப்பத்தைத்தான் உண்டாக்கும். "வாத்துக்காரர் வந்தார்" என்று தொடங்கி, நான்கு வரி கழித்து "எண்ணிப் பார்த்தான்" என்று எழுதினால் இரண்டாவதாக யாரோ வந்ததுபோல் ஆகிவிடும். இதை மரியாதைக் குறைவு என்று கண்டிக்காதீர்கள். "இங்க வேற ஆளு வந்துட்டாரா?" என்று கேளுங்கள், உடனே புரியும்.

"நான்" என்று தொடங்கி நடுவில் "அவன்" ஆகிவிடும் கதைகளும் வரும். சிக்கலை "நீ" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பெயர் வைத்து எழுதச் சொன்னால் இது அதிகம் நடக்கும். எழுதத் தொடங்கும் முன்பே "நான்" கதையா "அவன்" கதையா என்று முடிவு செய்து தாளின் மூலையில் எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் "தன்" என்ற சொல்லையும் அறிமுகப்படுத்தலாம். "செல்வம் குமாரையும் அவன் தம்பியையும் பார்த்தான்" என்றால் யார் தம்பி? செல்வத்தின் தம்பி என்றால் "தன் தம்பியையும்" என்று எழுதினால் தெளிந்துவிடும். பேச்சில் இந்தச் சொல் அதிகம் வராததால் பிள்ளைகளுக்குத் தானாக வராது, எடுத்துச் சொல்ல வேண்டும்.

7. வினையெச்சத்தில் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுதல்

போய், வந்து, பார்த்து, எடுத்து என்று வினைகளைக் கோத்துக்கொண்டு போவது தமிழ்க் கதைசொல்லலின் இயல்பு. பிள்ளைகளுக்கும் அது கைவந்த ஒன்று. ஆனால் இரண்டு இடங்களில் தடுக்கும்.

முதலாவது, வினையைச் செய்தவர் நடுவில் மாறுவது. "பஸ் வந்து நான் ஏறினேன்", "குஞ்சு நீந்தி அப்பா சிரித்தார்" என்று எழுதுவார்கள். வந்தது பஸ், ஏறியது நான். நீந்தியது குஞ்சு, சிரித்தது அப்பா. செய்தவர் ஒருவரே என்றால் "வந்து", "நீந்தி" சரி. ஆள் மாறினால் வினையின் ஈறும் மாற வேண்டும்: "பஸ் வந்ததும் நான் ஏறினேன்", "குஞ்சு நீந்தியதைப் பார்த்து அப்பா சிரித்தார்". "மழை பெய்து பயிர் பிழைத்தது" என்று யாராவது எழுதினால் அதைப் பிழை என்று அடிக்க வேண்டாம். அந்த வழக்கு தமிழில் உண்டு, இலக்கணமும் அதை ஏற்கிறது.

உண்மையில் தமிழில் கோர்வையின் பாதி வேலையைச் செய்வது இந்த ஈறுகள்தான். "எனவே", "ஆகவே" பட்டியலுக்கு முன் இவற்றைப் பழக்குங்கள். ஒரே நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு மாற்றிச் சொல்லச் சொல்லலாம்:

தண்ணீர் வந்ததும் நாற்றங்காலை உழுதார்கள். தண்ணீர் வந்ததால் நாற்றங்காலை உழுதார்கள். தண்ணீர் வந்தபோது நாற்றங்காலை உழுதுகொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தும் நாற்றங்காலை உழவில்லை.

நான்கையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் வேறு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று வீட்டில் பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். "வந்தும் உழவில்லை" என்ற வரியைப் படித்தவுடன் "ஏன் உழல?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியில் இன்னொரு கதை இருக்கிறது.

இரண்டாவது, முடிவே இல்லாத தொடர்: "எழுந்து பல் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்து..." என்று பக்கம் முழுக்கப் போகும். மூன்று வினைக்குமேல் கோத்தால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புதிய வாக்கியம் தொடங்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பெரியவர்களுக்கு இது பொருந்தாத விதி. பிள்ளைகளுக்கு முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று தெரிய ஒரு பிடி வேண்டும்.

காலம் ஒன்றாக இருக்கிறதா என்றும் இங்கேயே பார்த்துவிடுங்கள். "போறேன், பார்த்தேன்" என்று கலந்தால், வினைமுற்றுகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொன்னால் போதும், காதே காட்டிக்கொடுத்துவிடும்.

8. இணைப்புச் சொல், இப்போது

"ஆனால்", "அதனால்" இரண்டும் கட்டத் தாளிலேயே இருக்கின்றன. அவற்றை எழுத்துக்குக் கொண்டுவந்தால் மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் போதும். ஐந்தாம் வகுப்பில் "ஆனாலும்", "ஏனென்றால்", "அதற்குள்" என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். "மேலும்" கட்டுரைக்கு உரிய சொல், கதையில் அதற்கு வேலை அநேகமாக இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் இணைப்புச் சொல் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். கட்டம் மாறும் இடத்தில் இருந்தால் போதும்.

9. முடிவை முதல் கட்டத்தோடு இணைத்தல்

பிள்ளைகளின் கதை முடிவுகள் சில தடங்களில் ஓடும். "எல்லாம் கனவு, அம்மா எழுப்பினார்." "எல்லாரும் செத்துப் போனார்கள்." "நீதி: ..." இவை எல்லாம் எப்படி முடிப்பது என்று தெரியாததால் வருபவை. நீதி எழுதும் பழக்கத்தை வளர்த்தது நாம்தான். அது கதையின் கடைசிக் கட்டத்தை எழுதாமல் தப்பிக்க வசதியாக ஆகிவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வி: முதல் கட்டத்து மேகத்தில் என்ன ஆசைப்பட்டாய்? அது கிடைத்ததா? கிடைக்காவிட்டால் என்ன கிடைத்தது? கிடைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பதில் இருந்தால் போதும்.

10. வேறொருவர் வாசிக்க, எழுதியவர் கேட்டல்

மூன்றாவது நாள், எழுதியவர் வாசிக்கக் கூடாது. ஜோடிப் பிள்ளை உரக்க வாசிக்க வேண்டும். எழுதியவர் வாசித்தால் தாளில் இல்லாததையும் மனதிலிருந்து சேர்த்து வாசித்துவிடுவார். அடுத்தவர் வாசிக்கும்போது தயங்கும் இடம், திரும்பப் படிக்கும் இடம் எல்லாம் எழுதியவருக்கே கேட்கும். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கட்டும். விட்டுவைத்த வரியில் திருத்தம் எழுதட்டும்.

இதற்குப் பிறகுதான் எழுத்துப்பிழை, ஒற்று, "வந்துச்சு"வை "வந்தது" ஆக்குவது எல்லாம். பேச்சை அப்படியே காட்டும் மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழ் இருக்கலாம், ஆனால் யார் சொன்னது என்று "என்றார்", "என்றேன்" கட்டாயம் வர வேண்டும்.

வாத்துக் கதை இந்தப் படிகளைத் தாண்டியபின் இப்படி ஆகும்:

"புரட்டாசி மாதம் குறுவை அறுத்த வயலில் மேய ஒரு பெரிய வாத்துக் கூட்டம் வந்தது. அதில் ஒரு குஞ்சு நொண்டி. கூட்டம் வாய்க்காலில் இறங்கி அக்கரைக்குப் போனபோது அந்தக் குஞ்சு மட்டும் நடக்க முடியாமல் வயலிலேயே நின்றுவிட்டது. எனக்கு வாத்து வளர்க்க ரொம்ப நாளாக ஆசை. அதைத் தூக்கிவந்து பஞ்சாரத்தில் மூடி வைத்தேன்.

ஆனால் அப்பா பார்த்துவிட்டார். 'வாத்துக்காரர் சாயங்காலம் எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் நம்மைத்தான் கேட்பார்' என்று திட்டினார். எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினேன். கூட்டம் அக்கரையில் இருந்தது. குஞ்சுக்குத் தரையில்தான் கால் நொண்டும், தண்ணீரில் நொண்டாது. அதைத் தண்ணீரில் விட்டேன். அது வேகமாக நீந்திப் போய்க் கூட்டத்தில் சேர்ந்தது. தண்ணீரில் எல்லாம் ஒரே மாதிரி நீந்தியதால் எது என் குஞ்சு என்று எனக்கே தெரியவில்லை."

முதல் பிரதியில் இருந்த விஷயங்களுக்கு மேல் பெரிதாக எதுவும் சேரவில்லை. நீதி போய்விட்டது, பள்ளிக்குப் போனது போய்விட்டது, காரணங்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. "எது என் குஞ்சு" என்ற கடைசி வரி, வளர்க்க ஆசைப்பட்டதற்குப் பதில்.

11. மதிப்பிடுவதும் அடுத்த நிலையும்

ஒரு கதைக்கு ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். இந்த முறை காரணம் என்றால் காரணம் மட்டும், அடுத்த முறை "யார், எது". எல்லாவற்றையும் ஒரே தாளில் சிவப்பாக்கினால் அடுத்த கதை மூன்று வரியில் முடிந்துவிடும், பிழை வராமல் இருக்க அதுவே சுலபமான வழி என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

வாரம் ஒரு கதை தேவையில்லை. மாதத்துக்கு இரண்டு முழுக் கதை, நடுவில் வாய்வழி மட்டும் அடிக்கடி. நான்கு கட்டத் தாளை முதலில் எல்லாருக்கும் கொடுங்கள், பிறகு தானாகத் திட்டமிடும் பிள்ளைகளிடம் தாளை எடுத்துவிட்டு, மனதில் கட்டத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எடுத்தவுடன் "அப்பறம், அப்பறம்" திரும்பினால் இன்னும் சில கதைகளுக்குத் தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

நான்கு கட்டம் பழகிய ஐந்தாம் வகுப்புக்கு ஆறு கட்டம் கொடுக்கலாம். முதல் முயற்சி தோற்க வேண்டும், அதிலிருந்து இரண்டாவது முயற்சி பிறக்க வேண்டும். சப்பரத்தின் சக்கரத்தைச் சணல் கயிற்றால் கட்டிப் பார்த்தாள், பத்தடி போனதும் அறுந்தது, அதனால் என்ன செய்தாள்? தோற்ற முயற்சியிலிருந்து எதைக் கற்றுக்கொண்டாள் என்று ஐந்தாவது கட்டத்தின் மேகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த மேகம் காலியாக இருந்தால் இரண்டாவது முயற்சி முதல் முயற்சியோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், அப்போது மறுபடி மூன்றாவது படிக்குப் போய் வாயால் சொல்ல வைக்க வேண்டும்.